ஆள்சேர்க்கும் உத்தியோகம்

நாற்பது வயதைத் தாண்டிய உத்தியோகத்தர்களுக்கு ஒருவகை மனவாட்டம் வருவதுண்டு. இருபது ஆண்டுகளாக ஒரே மேசை, ஒரே பேரேடு, ஒரே மேலதிகாரியின் முகம். சம்பளமோ விலைவாசியின் பின்னால் மூச்சிரைக்க ஓடிக்கொண்டிருக்கும். அத்தகைய வேளையில் ஒருவர் வந்து, "உமக்கு மனிதரோடு பழகத் தெரியும், ஊரிலே உமது சொல்லுக்கு மதிப்புண்டு, எங்கள் நிலையத்துக்கு வந்துவிடும்" என்று அழைத்தால் மனம் சலனமடைவது இயல்பே. அண்மையில் என் உறவினர் ஒருவர் எழுதிய கடிதமும் இத்தகையதே. நிதிக் கொம்பனியொன்றிலே கடன் அறவிடும் பகுதியில் வேலை பார்ப்பவர் அவர். வெளிநாட்டு வேலைக்கு ஆள் அனுப்பும் கொழும்பு முகவர் நிலையம் ஒன்று, தம் ஊரில் திறக்கவிருக்கும் கிளைக்கு அவரைப் பொறுப்பாளராக வரும்படி கேட்டிருக்கிறதாம். சிறிய மாதச் சம்பளமும், அனுப்பப்படும் ஒவ்வோராளுக்கும் ஒரு தொகையும் தருவதாகப் பேச்சு. "மாமா, போகலாமா, வேண்டாமா? ஒரு வரியிலே எழுதிவிடுங்கள்" என்று கடிதத்தை முடித்திருந்தார்.

ஒரு வரியில் எழுதத் தக்க விஷயமாக அஃது எனக்குப் படவில்லை. அன்றியும், அவரைப் போலவே ஆசிரியப் பணியில் இளைப்பாறியோரும் வங்கி இலிகிதர்களும் அஞ்சல் அதிபர்களும் இன்று இதே வாசலிலே தயங்கி நிற்கின்றனர். ஆதலின் மறுமொழியைப் பலரும் படிக்கும்படியாகவே எழுதுகிறேன்.

இத்தொழில் இப்பொழுது செழித்திருப்பதன் காரணம் வெளிப்படை. 2022ஆம் ஆண்டிலே நாடு கடன் கட்ட இயலாது தவித்து, மக்கள் எரிபொருளுக்கும் எரிவாயுவுக்கும் வரிசையில் நின்றபோது, வெளிநாட்டு வேலைக்கெனப் பதிவு செய்து புறப்பட்டோர் தொகை மூன்று இலட்சத்தைக் கடந்தது. பின்னரும் அவ்வோட்டம் வற்றிவிடவில்லை. 2024இல் வெளிநாடுகளிலுள்ள நம்மவர் அனுப்பிய பணம் 600 கோடி டொலருக்கு மேற்பட்டது. தேயிலை ஈட்டித் தந்ததிலும் அது பல மடங்கு. இத்தனை பேர் நடக்கும் பாதையோரத்திலே கடை விரித்தவனுக்கு வியாபாரம் நடக்காமற் போகுமா? மருதானையில் மாடிப்படி தோறும் தொங்கும் முகவர் நிலையப் பெயர்ப்பலகைகளே சான்று.

முதலில் ஒன்றைத் தெளிவுபடுத்த வேண்டும். ஆள்சேர்க்கும் உத்தியோகம் என்ற ஒரே பெயரின்கீழ் இரண்டு தொழில்கள் உள்ளன. கொழும்பிலே வங்கிகளுக்கும் காப்புறுதிக் கொம்பனிகளுக்கும் கணினி நிறுவனங்களுக்கும் முகாமையாளரையும் பொறியியலாளரையும் தேடிக் கொடுக்கும் நிலையங்கள் சில உண்டு. அங்கே கூலி தருபவர் ஆளை வேண்டுபவரே. அமர்த்தப்படுபவரின் ஒரு மாதச் சம்பளம் என்றோ, ஆண்டுச் சம்பளத்தில் இத்தனை பங்கு என்றோ அது கணக்கிடப்படும். வேலை தேடி வந்தவர் ஒரு சதமும் கொடுப்பதில்லை. அத்தொழிலுக்குப் போக விரும்புபவர் ஆராய வேண்டியவை தம் ஆங்கிலமும், தம் பொறுமையும், ஆள் அமையாத மாதத்தில் வீட்டுச் செலவுக்கு என்ன வழி என்பதுமே. அதில் வேறு பெரிய சங்கடம் இல்லை.

மற்றது, குவைத்துக்கும் கட்டாருக்கும் சவூதி அரேபியாவுக்கும் சாரதியரையும் கட்டட வேலையாட்களையும் வீட்டுப் பணிப்பெண்களையும் அனுப்பும் தொழில். என் உறவினரை அழைத்தது இதற்கே. இதைப் பற்றித்தான் நின்று பேச வேண்டியிருக்கிறது. ஏனெனில் இஃது இவ்வூர்த் தமிழருக்குப் புதிய தொழில் அன்று. ஒரு நூற்றாண்டுக்கு மேலாக நம்மவரே நம்மவரைத் திரட்டிக் கடல் கடத்திய வரலாறு ஒன்று உண்டு. அதன் பெயர் கங்காணி முறை.

கண்காணி என்பதே கங்காணி எனத் திரிந்தது. கண்ணும் கருத்துமாய்க் காப்பவன் என்ற நல்ல பொருளையே அச்சொல் முதலில் தந்தது. கோப்பித் தோட்டங்கள் மலைநாட்டிலே தோன்றிய 19ஆம் நூற்றாண்டின் முற்பாதியில், தமிழகத்துக் கிராமங்களிலிருந்து ஆட்களை அழைத்து வந்தவன், பெரும்பாலும் அவ்வாட்களுக்கு அந்நியன் அல்லன். அதே ஊரான், உறவினன், மூத்தவன். திருச்சிராப்பள்ளி, மதுரை, புதுக்கோட்டை, சேலம் ஆகிய பகுதிகளிலிருந்து மழை பொய்த்த காலத்தில் அவன் பின்னே கூட்டமாக நடந்தார்கள். தோணியேறி மன்னார்க் கரையில் இறங்கி, காட்டு வழியே மாத்தளைக்குச் சென்றார்கள். வழியிலே பேதி கண்டு மாண்டவர் பலர். பின்னாளிலே மண்டபம் முகாமும் தலைமன்னார்ப் புகையிரதமும் வந்து வழி செம்மைப்பட்டது. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், சேர வேண்டிய தோட்டத்தின் இலக்கம் பொறித்த தகரத் துண்டு ஒன்றை ஆளின் கையிலே கொடுத்தனுப்பும் ஏற்பாடும் இருந்தது. பயணச் செலவு அவ்விலக்கத்துக்குரிய தோட்டத்தின் கணக்கிலே எழுதப்படும்.

பேரேட்டு வேலை பழகியவர் என்பதால் என் உறவினர் கூர்ந்து நோக்க வேண்டியது அதன் கணக்கு முறையையே. துரை கங்காணிக்கு முற்பணம் கொடுப்பார். கங்காணி ஊருக்குச் சென்று அதில் ஒரு பகுதியை ஆட்களுக்குக் கொடுப்பான். பழைய கடனைத் தீர்க்கவும், வழிச் செலவுக்கும், போர்வை வாங்கவும் என்று. எவ்வளவு கொடுத்தான் என்பது அவன் குறிப்பிலேதான் இருக்கும். எழுத்தறியாத ஆள் அதைப் படிக்க இயலாது. தோட்டத்தை அடைந்ததும் ஆள் கங்காணிக்குக் கடன்காரன். கங்காணி துரைக்குக் கடன்காரன். இதற்கு மேலாக, வேலைக்கு இறங்கும் ஒவ்வோராளுக்கும் நாளொன்றுக்கு இத்தனை சதம் எனத் தோட்டம் கங்காணிக்கு ஒரு தொகை தந்தது. பென்சுக்காசு என்றும் தலைக்காசு என்றும் அதனை வழங்கினர். சில்லறைக் கங்காணிக்கு ஒரு பங்கு, பெரிய கங்காணிக்கு ஒரு பங்கு. ஆள் காய்ச்சலில் படுத்தால் தலைக்காசு போயிற்று. ஆள் ஊருக்குத் திரும்பினால் கடனும் போயிற்று. ஆகவே காய்ச்சல்காரனை எழுப்பி மலைக்கு அனுப்புவதும், ஊருக்குப் போக எண்ணுபவனைத் தடுத்து நிறுத்துவதும் கங்காணியின் இலாபத்துக்கே உரியனவாயின.

ஈண்டு ஓர் உண்மையை மறக்கலாகாது. கங்காணிகள் எல்லாரும் பிறவிக் கொடியவர் அல்லர். கோயில் கட்டியவர், திருமணம் நடத்தி வைத்தவர், துரையின் முன்னே தம் ஆட்களுக்காக வழக்குரைத்தவர் பலர் அவர்களிடையே இருந்தனர். முதலாம் ஆண்டிலே உறவினனாக வந்தவன் ஐந்தாம் ஆண்டிலே கடன்கொடுத்தவனாக மாறியது அவன் குணத்தால் மட்டுமன்று. பணம் அவன் கைக்கு வந்த வழியால். ஆளின் நலன் ஒரு திசையிலும் அவன் வருமானம் எதிர்த்திசையிலும் ஓடினால், எத்துணை நல்லவனும் எத்தனை நாள் தாக்குப்பிடிப்பான்?

கோப்பி அழிந்து தேயிலை வந்ததும் நிலைமை இன்னும் இறுகியது. 1869இல் கண்டறியப்பட்ட இலைநோய் கோப்பியை வீழ்த்தியது. தேயிலைக்கோ ஆண்டு முழுவதும் கை வேண்டும். பருவத்துக்கு வந்து போனவர்கள் குடும்பத்தோடு லயத்திலே தங்கலாயினர். கடன் கணக்கு தலைமுறைக் கணக்காயிற்று. அப்பொழுதுதான் 'துண்டு' முறை தலைவிரித்தாடியது. ஒரு கங்காணியும் அவன் கூட்டமும் வேறு தோட்டத்துக்கு மாற விரும்பினால், துரை ஒரு துண்டுக் கடிதம் கொடுப்பார். இன்ன தொகையைச் செலுத்தினால் இவ்வாட்கள் விடுவிக்கப்படுவர் என்பது அதன் வாசகம். கங்காணி அத்துண்டை எடுத்துக்கொண்டு தோட்டம் தோட்டமாகச் சென்று, அதிக முற்பணம் தருபவரிடம் ஆட்களைக் கொண்டுபோய்ச் சேர்ப்பான். மிகுதி அவன் மடியில். கடன் ஆட்களின் தலையில். மனிதர் இருந்த இடத்திலேயே இருக்க, அவர்கள் மேலுள்ள கடனை ஏலம் போட்டு விற்ற முறை அது. 1921ஆம் ஆண்டிலே சட்டம் அதனை ஒழித்தது.

அதற்கடுத்த இரண்டாண்டில் நடந்தது இன்னும் முக்கியமானது. இந்திய அரசு 1922இல் குடியகல்வுச் சட்டம் இயற்றி, 1923இல் இலங்கைக்கு ஆள் அனுப்புவதற்குச் சில நிபந்தனைகளை விதித்தது. ஆள்சேர்க்கும் செலவு முழுவதையும் தோட்டங்கள் பொது நிதியொன்றிலிருந்து ஏற்க வேண்டும், எக்காரணம் கொண்டும் அதனைத் தொழிலாளியிடம் அறவிடலாகாது என்பது அவற்றுள் தலையாயது. கங்காணியின் பிடி ஒரே நாளில் தளர்ந்துவிட்டது என்று நான் சொல்லவில்லை. 1939இல் இந்தியா உடலுழைப்பாளர் இங்கு வருவதையே தடை செய்யும் வரை அவன் செல்வாக்கு இருந்தது; அதன் பின்னரும் தோட்டத்துக்குள்ளே எஞ்சி நின்றது. ஆயினும் செலவை யார் ஏற்பது என்ற வினாவுக்கு 1923இலேயே நம் மண்ணில் சரியான விடை எழுதப்பட்டுவிட்டது. உலகத் தொழிலாளர் நிறுவனம் தனியார் முகவர் நிலையங்களைப் பற்றிய தன் 1997ஆம் ஆண்டு உடன்படிக்கையில், தொழிலாளரிடம் நேராகவோ மறைமுகமாகவோ கட்டணம் பெறலாகாது எனப் பொதுவிதி வகுத்தது. எழுபத்துநான்கு ஆண்டு பிந்தி வந்த அவ்விதியைப் படிக்கும்போது, மண்டபம் முகாமைக் கடந்து வந்தவர்களின் நினைவு வராமற் போகாது.

இடையிலே இலங்கையும் சும்மா இருக்கவில்லை. கட்டணம் அறவிடும் வேலை முகவர் நிலையங்களை ஒழுங்குபடுத்த 1956இல் ஒரு சட்டம். வளைகுடா நாடுகளில் எண்ணெய்ச் செல்வம் பெருகி நம்மவர் அங்குச் செல்லத் தொடங்கிய பின்னர் 1980இல் மற்றொன்று. அதனை நீக்கி வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தை நிறுவிய 1985ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சட்டம் என முறையே வந்தன. இன்று பணியகத்தின் அனுமதிப்பத்திரம் இன்றி இத்தொழிலை நடத்துவது குற்றம். பணியகம் ஏற்றுக்கொண்ட தொகைக்கு மேல் வாங்குவதும் குற்றம். சட்டப் புத்தகத்தை மட்டும் படிப்பவர், கங்காணிக் காலம் கழிந்துவிட்டது என்றே நினைப்பர்.

நடைமுறை வேறு. மருதானையில் உள்ள நிலையத்துக்கு மூதூரிலும் பதுளையிலும் புத்தளத்திலும் யாரையும் தெரியாது. ஆளைக் கண்டுபிடித்துக் கொண்டுவந்து நிறுத்த ஊரறிந்த ஒருவர் வேண்டும். அவரைச் 'சப் ஏஜென்ட்' என்பார்கள். முச்சக்கர வண்டிக்காரராக, கடைக்காரராக, முன்பு வெளிநாடு சென்று வந்த பெண்ணாகவும் அவர் இருக்கலாம். ஓராளுக்கு இத்தனை என்று அவருக்குக் கூலி. முன்னாளில் பெரிய கங்காணியின் கீழே சில்லறைக் கங்காணி இருந்தான். அவனுக்கு எந்தப் பத்திரமும் இல்லை. இவருக்கும் பெரும்பாலும் இல்லை. ஒரு காரியம் பிழைத்தால் நிலையத்தார் அவரை அறியோம் என்பர். அவரோ நிலையத்தாரிடம் கேளுங்கள் என்பார். கிளைப் பொறுப்பாளர் என்ற கௌரவமான பெயரின்கீழ் என் உறவினருக்குக் கொடுக்கப்படுவது எந்த நாற்காலி என்பதை அவர் முதலில் உறுதி செய்துகொள்ள வேண்டும்.

பணம் ஓடும் வழியையும் பார்ப்போம். ஆண்கள் போகும் வேலைகளுக்குப் பெரும்பாலும் ஆளே பணம் கட்டுகிறான். பற்றுச்சீட்டில் எழுதப்படுவது ஒரு தொகை, கையிலே வாங்கப்படுவது வேறொரு தொகை என்ற முறைப்பாடு பணியகத்துக்குப் புதிதன்று. மனைவியின் தாலிக்கொடி அடகுக்கடைக்குப் போகும், மீதிக்கு வட்டிக்காரர். போய்ச் சேர்ந்த பின் முதலாண்டுச் சம்பளத்தின் பெரும்பகுதி இக்கடனுக்கே சரியாகிவிடுகிறது. அங்கே வாக்களித்த வேலை இல்லை, ஒப்பந்தத்தில் இருந்த சம்பளம் இல்லை என்று கண்டாலும் அவன் திரும்ப இயலாது. அவனை நிறுத்தி வைத்திருப்பது அயல்நாட்டு முதலாளியின் கதவுப் பூட்டு மட்டுமன்று. ஊரிலுள்ள அடகுச் சீட்டும் கூடத்தான்.

வீட்டுப் பணிப்பெண்ணாகச் செல்பவளின் கணக்கு இதற்கு நேர்மாறாகத் தோன்றும். அவளிடம் பணம் வாங்குவதில்லை, அவளுக்கே கொடுக்கிறார்கள். வேலை கொள்ளும் வீட்டார் அந்நாட்டு முகவருக்குக் கொடுக்கும் பெருந்தொகையில் ஒரு பகுதி இங்குள்ள நிலையத்துக்கு வருகிறது. அதில் ஒரு பங்கைச் சப் ஏஜென்ட் பெற, ஒரு பங்கு புறப்படுமுன் பெண்ணின் குடும்பத்துக்குக் கொடுக்கப்படுகிறது. கேட்பவர், எவ்வளவு தருமம் என்பர். நான் இதனைக் கேட்டபோது எனக்கு நினைவு வந்தது துரை கொடுத்த முற்பணம். அக்காசு வீட்டுக்கூரைக்கோ கணவனின் கடனுக்கோ செலவான பின், அவள் மருத்துவப் பரிசோதனைக்குப் போக மறுத்தாலும், போன வீட்டிலே அடிபட்டு இரண்டாம் மாதத்தில் திரும்ப விரும்பினாலும், வாங்கியதைத் திருப்பித் தா என்ற சொல் எழுகிறது. வழக்கமாக அவ்வீட்டாருக்கு மூன்று மாத உத்தரவாதம் உண்டு. அதற்குள் அவள் திரும்பினால் நிலையத்தார் வேறொருத்தியைத் தம் செலவில் அனுப்ப வேண்டும். ஆகையால் முதல் மூன்று மாதமும் அவள் அழுகையைக் கேட்க நிலையத்தில் ஆள் உண்டு. பொறுத்துக்கொள், பழகிவிடும் என்று சொல்வதற்கு. நான்காம் மாதத்தில் அவள் அழைத்தால் எடுப்பவர் அரிது. இத்தொழிலில் நெடுங்காலம் இருந்து விலகிய ஒருவர் என்னிடம் இதனைச் சற்றும் ஒளியாமற் கூறினார். தமக்கு அதிகாலைத் தூக்கத்தைக் கெடுத்தது இந்த நான்காம் மாதமே என்றும் சொன்னார்.

மேலே சொன்னவற்றால், இத்தொழிலில் நன்மையே இல்லை என்று நான் கருதுவதாக எவரும் எண்ண வேண்டாம். கூரையில்லாத வீடு கூரை பெற்றதும், பிள்ளை பல்கலைக்கழகம் புகுந்ததும் வெளிநாட்டுச் சம்பளத்தால் என்பதற்கு ஒவ்வோர் ஊரிலும் சாட்சி உண்டு. தானாகப் புறப்பட்டு, சுற்றுலா விசாவில் போய், அயல்நாட்டுத் தெருவில் நிற்பவனைக் காட்டிலும், பணியகத்தில் பதிவு செய்து, தூதரகம் உறுதிப்படுத்திய ஒப்பந்தத்துடன் போகிறவன் நிலை எவ்வளவோ மேல். அந்த ஒழுங்குகளைச் செய்து கொடுப்பவர் நேர்மையானவராயின் அவர் செய்வது பெரிய சேவை. அதற்குத் திறமையும் வேண்டும். வெளிநாட்டிலிருந்து வரும் ஆள்வேண்டுகைக் கடிதம் உண்மையானதா என்று பார்க்கத் தெரிய வேண்டும். ஒரு சாரதி மலைப்பாதையில் வண்டி ஓட்டியவனா, உரிமம் மட்டும் வைத்திருப்பவனா என்று பேச்சிலேயே கண்டுகொள்ள வேண்டும். அரபு மொழியில் ஒன்றும் ஆங்கிலத்தில் ஒன்றுமாக வரும் ஒப்பந்தத்தை ஆளுக்குத் தமிழில் விளக்கி, ஓய்வு நாள் எது, மேலதிக நேரத்துக்குக் கூலி என்ன, கடவுச்சீட்டு யார் கையில் இருக்கும் என்றெல்லாம் கேட்க வைக்க வேண்டும். கடன் அறவிடும் பகுதியில் இருபதாண்டு இருந்தவருக்கு மனிதரின் முகத்தைப் படிக்கும் வித்தை கைவந்திருக்கும். அவ்வளவில் என் உறவினர் பொருத்தமானவரே. போகாதே என்று அவரைத் தடுக்க அவர் திறமையில் நான் குறை காணவில்லை.

ஆனால் அவரை அழைத்தவர்கள் அந்தத் திறமைக்காக அழைத்தார்களா என்பது எனக்கு ஐயமே. அரபுநாட்டு ஒப்பந்தம் வாசிக்கத் தெரிந்தவர் கொழும்பில் பலர் உண்டு. அவர்களிடம் இல்லாதது ஒன்றே: அவ்வூரிலே, "இவர் சொன்னால் பொய்யிராது" என்று சொல்லப்படும் ஒரு பெயர். தகப்பனார் அங்கே பாடசாலை அதிபராயிருந்தவர். இவர் கோயில் பரிபாலன சபையில் இருப்பவர். வீட்டுப் படலை எந்நேரமும் திறந்திருக்கும். அந்த நம்பிக்கையே அவர்களுக்கு மூலதனம். கங்காணியையும் துரைமார் தேர்ந்தெடுத்தது இதே காரணத்துக்காகத்தான். அந்நியன் ஒருவன் போய் அழைத்தால் எந்தத் தாய் தன் மகனைக் கடலுக்கப்பால் அனுப்புவாள்?

மூதூரில் நடந்ததை இந்நாட்டார் மறந்திருக்க மாட்டார்கள். ரிசானா நபீக் என்ற ஏழைச் சிறுமி 2005ஆம் ஆண்டிலே பணிப்பெண்ணாகச் சவூதி அரேபியாவுக்கு அனுப்பப்பட்டாள். அப்போது அவளுக்கு வயது பதினேழு. கடவுச்சீட்டிலோ அவள் 1982இல் பிறந்தவள் எனக் காட்டப்பட்டிருந்தது. பிறப்புச் சான்றிதழின்படி உண்மையான ஆண்டு 1988. குழந்தை வளர்த்துப் பழகாத அவளிடம் நான்கு மாதக் குழந்தை ஒப்படைக்கப்பட்டது. அவள் போய்ச் சில வாரங்களில் அக்குழந்தை இறந்தது. கொலைக் குற்றம் சாட்டப்பட்டு, 2007இல் மரண தண்டனை விதிக்கப்பட்டு, 2013 ஜனவரி 9ஆம் திகதி அவளுடைய தலை வாளால் துண்டிக்கப்பட்டது. நீதிமன்றம், மொழிபெயர்ப்பு, அரசுகளின் கடமை என்று அவ்வழக்கைப் பற்றி எவ்வளவோ பேசப்பட்டது, பேச வேண்டியதுதான். என் சிந்தனையோ வேறோரிடத்தில் நிற்கிறது. எங்கோ ஒரு மேசையில், யாரோ ஒருவர், 1988 என்றிருந்த இடத்தில் 1982 வரும்படி ஒரு காரியத்தைச் செய்தார். அவருக்கு அச்சிறுமிமேல் பகை இருந்திருக்க முடியாது. ஓராள் அனுப்பினால் ஒரு தொகை. வயது போதாவிட்டால் தொகை இல்லை. அவ்வளவே அவர் கணக்கு.

ஓராளுக்கு இத்தனை என்ற கூலியை நான் இவ்வளவு அஞ்சுவதற்குக் காரணம் இதுவே. என் உறவினர் கடிதத்திலே, "மாதச் சம்பளம் சிறிது, ஆனால் ஆட்கணக்கு நன்றாக இருக்குமாம்" என்று எழுதியிருக்கும் வரியைப் பலமுறை படித்தேன். ஆட்கணக்கு நன்றாக இருக்கும் மாதங்கள், அவ்வூரில் நெல் விளையாத மாதங்களாகவோ, மீன் படாத மாதங்களாகவோ, ஒரு வீட்டில் கணவன் படுத்துவிட்ட மாதங்களாகவோ இருக்கும். அம்மாதத்தில் வரும் பெண்ணிடம், "தங்கச்சி, உனக்கு இது சரிவராது, பிள்ளைக்கு ஒரு வயதுகூட ஆகவில்லை, வீட்டுக்குப் போ" என்று சொல்லும் உரிமை அவர் நாற்காலிக்கு உண்டா? சொன்னால் அம்மாதச் செலவுக்கு அவர் என்ன செய்வார்? தம் பிள்ளைகளின் கல்விக்காகத்தான் அவர் இந்த மாற்றத்தையே எண்ணுகிறார் என்பதையும் நான் அறிவேன். ஆதலால் வினா எளிதன்று.

எனவே, போக வேண்டாம் என்றோ போ என்றோ எழுதாமல், நேரில் சென்று சில விஷயங்களை அறிந்து வரும்படி அவருக்கு எழுதியிருக்கிறேன். அனுமதிப்பத்திரம் நிலையத்தின் பெயரில் இருக்கிறதா, காலாவதியாகவில்லையா, கிளைக்கும் அங்கீகாரம் உண்டா என்பதைப் பத்தரமுல்லையிலுள்ள பணியகத்திலேயே கேட்டுக்கொள்ளலாம். 1989 என்ற தொலைபேசி இலக்கமும் இருக்கிறது. ஆட்கணக்கை விட்டு முழு மாதச் சம்பளம் தர அவர்கள் ஒப்புவார்களா என்று கேட்க வேண்டும். மறுத்தால், ஏன் மறுக்கிறார்கள் என்று அவரே யோசிக்கட்டும். பற்றுச்சீட்டுப் புத்தகத்தைக் காட்டும்படி கேட்டு, சென்ற ஆண்டு சென்றவர்களில் இரண்டு மூன்று பேரின் வீட்டுக்குப் போய், சீட்டிலுள்ள தொகையும் அவர்கள் கொடுத்த தொகையும் ஒன்றுதானா என்று விசாரிக்க வேண்டும். பேரேடு பார்ப்பதில் அவருக்கு நான் சொல்லிக் கொடுக்க வேண்டியதில்லை.

இன்னும் ஒன்று எழுதினேன். அந்நிலையத்துக்குப் பகலிலே போவதோடு நிற்காமல், ஒரு நாள் இரவு பத்து மணிக்கு அவர்களுடைய தொலைபேசிக்கு அழைத்துப் பார்க்கச் சொல்லியிருக்கிறேன். குவைத்திலே அப்பொழுது மணி ஏழரை. சமையல் முடிந்து, வீட்டார் உண்ண அமரும் வேளையில் ஒரு பெண்ணுக்குக் கைபேசி எட்டக்கூடிய நேரம். அந்த நேரத்தில் இங்கே அழைப்பை எடுப்பவர் யார், நான்காம் மாதத்தில் இருப்பவள் என்று சொன்னால் அவர் என்ன பதில் சொல்கிறார் என்று கேட்டு எனக்கு எழுதும்படி சொல்லியிருக்கிறேன். கடிதம் இன்னும் வரவில்லை.